ஞாயிறு மட்டும் போதுமா?
தங்க வயல் மாதா கோவில்களில் தொண்டுக்கு ஆள் தேவை

கோலார் தங்க வயலில் சுரங்கம் மூடப்பட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவை மூடியது. வேலை போனதும், லைன் வீடுகள் பாழடைந்ததும், பிள்ளைகள் பெங்களூருக்கு ரெயில் ஏறியதும் பலமுறை பத்திரிகைகளில் வந்துவிட்டன. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. சுரங்கத்தின் சங்கு நின்றதோடு, இங்குள்ள கத்தோலிக்கக் கோவில்களில் தொண்டு செய்பவர்களின் நேரமும் நின்றுபோயிற்று.

மாதா கோவிலைச் சாமியார் நடத்துகிறார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஒரு பங்குக்குச் சாமியார் ஒருவர். பெரிய பங்கானால் உதவிச் சாமியார் ஒருவர். பூசை வைப்பது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, நோயில் பூசுதல் கொடுப்பது அவர்கள் வேலை. கோவில்பிள்ளைக்கு ஏதோ சிறு சம்பளம் உண்டு. பாட்டு, வாசகம், பீடத்தில் உதவி, ஞானோபதேசம், காணிக்கை எண்ணுவது, பீடத்துக்குப் பூ வைப்பது, தேர் சோடிப்பது, ஏழை வீட்டுக்கு அரிசி கொண்டுபோவது, செத்தவரைத் தூக்குவது எல்லாம் சம்பளம் வாங்காத பங்கு மக்களின் கைவேலை.

ஷிப்டு காலம்

சுரங்கம் ஓடிய காலத்தில் இந்தக் கைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் சுரங்கத்தை ஒட்டிய லைன்களிலேயே குடியிருந்தன. வேலையும், வீடும், கோவிலும் நடந்துபோகும் தூரம். காலை ஷிப்டு முடிந்தவன் மதியத்துக்கு மேல் சும்மா இருப்பான். ராத்திரி ஷிப்டு பார்த்தவன் பகலில் வீட்டில் இருப்பான். எந்த நேரத்தில் கோவில் மணி அடித்தாலும் பத்துப் பேராவது வந்து சேருவார்கள்.

அதற்கு அவசியமும் இருந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குக் கீழே 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குப் போனது. உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. அந்த ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே இருக்கும் வீடும் அதிரும். அப்படிப்பட்ட ஊரில் அடக்கத்துக்கு ஆள் சேர்ப்பது யாரும் விருதுக்காகச் செய்த வேலை அல்ல. இன்று அவனைத் தூக்கினால், நாளை நம்மைத் தூக்க ஆள் இருப்பான் என்ற கணக்குத்தான்.

ரெயில் காலம்

இப்போது கணக்கு மாறிவிட்டது. விடிவதற்கு முன்பே மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் கூட்டம் நிற்கிறது. பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய்ச்சேர ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. திரும்பி வரும்போது ராத்திரி. 1894-ல் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட ரெயில் பாதை இது. சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும் ரெயில்வே குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்வேன்: தங்க வயலில் தெம்புள்ள வயதில் இருப்பவர்களில் பெரும் பகுதியை திங்கள் முதல் சனி வரை பகலில் ஊரில் தேடக் கூடாது.

ஆகவே பங்குக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளில்தான் அவர்கள் துணி துவைக்க வேண்டும், தூக்கத்தைத் தீர்க்க வேண்டும், சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் போக வேண்டும். அப்படியும் கோவிலுக்கு வந்து பாட்டுக்கு நிற்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதைக் குறைவாகப் பேசுவது நியாயம் அல்ல. ஆனால் நோயும் சாவும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை.

நோயாளி வீட்டில்

சுரங்கத்தில் பல ஆண்டுகள் தூசியை இழுத்த நெஞ்சு, வயதானபின் படி ஏற விடாது. படுக்கையில் கிடக்கும் முன்னாள் தொழிலாளிகள் பூசைக்கு வர முடியாது. அவர்களுக்கு நற்கருணையைச் சாமியார்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், மாதத்துக்கு ஒருமுறை கிடைப்பதே அதிகம்.

இதற்காகத்தான் 1973-ல் போப் ஆண்டவர் ஆறாம் பால் காலத்தில் ஒரு வழி திறக்கப்பட்டது. தகுதியான பொதுமக்கள், ஆயரின் அனுமதியோடு, நற்கருணை கொடுக்கலாம் என்று ரோமாபுரி அறிவித்தது. ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். பங்குச் சாமியார் பெயரைக் கொடுக்க வேண்டும்; பயிற்சி பெற வேண்டும். அனுமதி குறிப்பிட்ட காலத்துக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

வேலை எளிதானது போல் தோன்றும். காலைப் பூசை முடிந்ததும் சிறிய வட்டமான பெட்டியில் நற்கருணையை வாங்கிக்கொண்டு நேராக நோயாளி வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் கடைக்கு நுழைவதோ, நின்று ஊர்க்கதை பேசுவதோ கூடாது. வீட்டில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். ஜெபம் சொல்லி, நற்கருணை கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பத்து நிமிடத்தில் எழுந்து வந்தவர் யாரும் இல்லை. படுத்திருப்பவருக்குப் பேச ஆள் வேண்டும். பேச்சு பெரும்பாலும் பழைய சுரங்கத்தைப் பற்றி, வர வேண்டிய பாக்கியைப் பற்றி, பெங்களூரில் இருக்கும் மகனைப் பற்றி. "உட்காரும்மா, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்றால் மறுக்க முடியுமா?

ஒன்றை மட்டும் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். நற்கருணைப் பணியாளர் நோயில் பூசுதல் கொடுக்க முடியாது; பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. அதற்குச் சாமியார்தான் வர வேண்டும். நிலைமை மோசமானால் பணியாளர் வரும் நாளுக்காகக் காத்திராமல் உடனே கோவிலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கடைசி மூச்சில் ஓடி வந்து கூப்பிடுவதை விட, நோய் முற்றும்போதே கூப்பிடுவது நல்லது.

இந்த வேலையை இப்போது பார்ப்பவர்களில் பலர் ஓய்வு பெற்ற டீச்சரம்மாக்கள், விதவைகள். அவர்களுக்கே முழங்கால் வலி. மேட்டு லைனுக்கு ஏறி இறங்கும் வேலையை அறுபது, எழுபது வயதுக்காரர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருப்பது சரியல்ல. பெங்களூருக்குப் போகாமல் உள்ளூரிலேயே வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர்கள் வாரத்துக்கு இரண்டு வீடு எடுத்துக்கொண்டாலே பெரிய உதவி.

குமாஸ்தா தொடங்கிய சேனை

வீடு வீடாகப் போகும் சபைகள் இரண்டு இங்கு எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்று வின்சென்ட் தே பால் சபை. 1833-ல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 20. ஏழை வீட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் போய் நிலைமையைப் பார்த்து உதவுவார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பத்து ரூபாய் போட்டவன் கூசவும் வேண்டாம், ஆயிரம் போட்டவன் நெஞ்சை நிமிர்த்தவும் வேண்டாம். நல்ல ஏற்பாடு.

மற்றது மரியாயின் சேனை. 1921-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொடங்கிய பிராங்க் டப் ஒரு சர்க்கார் ஊழியர். ஆபீசில் பைல் பார்த்த மனிதர் உலகம் முழுவதும் பரவிய ஒரு சேனையை அமைத்தார் என்பதைக் குமாஸ்தா வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். இவர்கள் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது என்பது விதி. போவது, விசாரிப்பது, சேர்ந்து ஜெபிப்பது, கோவிலை விட்டு விலகியவரைத் திரும்ப அழைப்பது அவர்கள் வேலை. செய்ததை வாராந்தரக் கூட்டத்தில் அறிக்கையாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கூட்டம்தான் இன்றைக்குச் சிக்கல். வார நாளில் சாயங்காலம் 6 மணிக்குக் கூட்டம் வைத்தால், அந்த நேரத்தில் பாதிப் பேர் மாலூரைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு கூட்டத்தை வைத்துக்கொண்டால் ரெயிலில் போகிறவர்களும் சேர முடியும். மூத்தவர்கள் பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் சேனையில் தளபதிகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

ஒளியும் ஒலியும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதன்பின் லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்தது. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம் ஆகியவற்றைப் பங்கு மக்களே படிக்கிறார்கள். சுவிசேஷம் மட்டும் சாமியாரோ தியாக்கோனோ படிக்க வேண்டும். ஆயர் முறைப்படி நியமிக்கும் வாசகர் பணியைப் பெண்களுக்கும் திறந்துவிட்டது 2021 ஜனவரியில்தான். அப்போது போப் ஆண்டவராக இருந்தவர் பிரான்சிஸ். சட்டம் வருமுன்பே நம் ஊர்ப் பெண்கள் பல்லாண்டுகளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே கவலை வேறு. இளம் பிள்ளைகள் படிப்பது ஆங்கிலம், அதோடு கன்னடம். கன்னடம் இந்த மாநிலத்தின் மொழி, பிழைப்புக்கும் பழக்கத்துக்கும் அவசியம். அதைப் படிப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்கக் கூடாது. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. வாசகம் படிக்கச் சொன்னால் தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆர்வத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் ஒளியும், ஒலியும், ஒழியும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒளி வர வேண்டிய இடத்தில் ஒழி என்று மைக்கில் கேட்டால், முன் வரிசைப் பாட்டிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. ஞானோபதேச வகுப்பில் கால் மணி நேரம் ஒதுக்கித் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். உயிரும் மெய்யும் கூட்டத் தெரிந்தால், பேச்சுத் தெரிந்த பிள்ளை சில மாதங்களில் படித்துவிடும். பெரியவர்களுக்கு ரெயிலே பள்ளிக்கூடம். பெட்டியில் ஓர் இளைஞர் செல்போனில் ஞாயிற்றுக்கிழமை வாசகத்தை வைத்துக்கொண்டு உதட்டுக்குள் படித்துப் பழகியதை ஒருமுறை பார்த்தேன். இரண்டு நிறுத்தம் தள்ளி ஏறிய ஒரு பெரியவர், "தம்பி, அது 'ழ', நாக்கை மடிச்சு சொல்லுங்க" என்று திருத்தினார். போக நாலு வரி, வர நாலு வரி படித்தால் சனிக்கிழமைக்குள் வாசகம் மனதில் நின்றுவிடும்.

அடக்கம்

மிகவும் நெருக்கடியானது இதுதான். வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி சொல்ல வேண்டும், குழி வெட்ட வேண்டும், கோவிலுக்கும் கல்லறைக்கும் தூக்க வேண்டும், பாட வேண்டும். மைந்தர்கள் பெங்களூரிலோ, அதற்கும் அப்பாலோ இருப்பார்கள். அவர்கள் வந்து சேரும் வரை வீட்டுப் பெண்களோடு இருந்து காரியம் பார்க்க ஆள் வேண்டும். முன்பு லைனில் குரல் கொடுத்தால் போதும். இப்போது புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு சாவு என்றால், பெட்டி தூக்க ஆறு தோள் சேர்ப்பதே பாடு.

சில வீடுகளில் கூலி கொடுத்துத் தூக்குகிறார்கள். கொடுக்க முடிந்தவர்களுக்குச் சரி. முடியாதவர்களுக்கு?

ஒவ்வொரு அன்பியத்திலும், அதாவது இருபது முப்பது வீடுகள் சேர்ந்த குழுவில், பகலில் ஊரில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று வேண்டும். ஆட்டோ ஓட்டுபவர், கடை வைத்திருப்பவர், ராத்திரி வேலை பார்க்கும் காவலாளி, ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர் என்று கிழமைவாரியாகப் பெயர் எழுதி வைத்தால், யாரைக் கூப்பிடுவது என்று சாவு வீட்டில் தேட வேண்டியதில்லை. இதற்குப் பயிற்சியும் வேண்டாம், ஆயர் அனுமதியும் வேண்டாம். சாமியாரிடமோ பங்குப் பேரவையிலோ பெயரும் போன் நம்பரும் கொடுத்தால் போதும். வேறு மதத்து நண்பர்கள் வந்து தோள் கொடுப்பதும் இங்கே புதிதல்ல. சுரங்கத்துக்குள் ஒரே கூண்டில் இறங்கியவர்களின் ஊர் இது.

குழி வெட்டுவதற்கு மட்டும் மண்வெட்டி பிடித்துப் பழகிய கை வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வயது எழுபதுக்கு மேல். அவர்களோடு ஒரு நாளாவது கூட நின்று வேலையைப் பழகிக்கொள்ள இரண்டு பையன்களை அனுப்புவதுதான் இந்த வருடத்துக்கு உடனே செய்ய வேண்டிய வேலை.