டைனசோர் எதைத் தின்றது? தோட்டத்தில் தேடுங்கள்

தாத்தா பாட்டியோடு டைனசோர் கண்காட்சிக்குப் போயிருக்கிறீர்களா? 2025ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களில், மேகக் காட்டுக் கூடத்தில் அப்படி ஒரு காட்சி திறக்கப்பட்டது. 35 மீட்டர் உயரச் செயற்கை மலையைச் சுற்றி, செடிகளுக்கு நடுவே, அசைந்து உறுமும் டைனசோர் உருவங்கள்!

"தாத்தா, இவ்வளவு பெரிய உடம்புக்கு வெறும் இலை போதுமா?" என்று கேட்டாள் என் பேத்தி. விஞ்ஞானிகளையே யோசிக்க வைத்த கேள்வி இது.

சிங்கப்பூர் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 'பிரின்ஸ்' என்ற டைனசோரின் எலும்புக்கூடு இருக்கிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்த அதன் நீளம் 27 மீட்டர். வயது சுமார் 15 கோடி ஆண்டுகள். நீண்ட கழுத்துடைய இந்த வகைக்குப் பற்கள் பென்சிலைப் போல மெல்லியவை. இலைகளை உருவ முடியும், மெல்ல முடியாது. அப்படியே விழுங்க வேண்டியதுதான்.

அக்காலத்தில் இன்றுள்ளது போன்ற புல்வெளிகள் இல்லை. பழ மரங்களும் இல்லை. இருந்தவை பெரணி, குதிரைவால் செடி, சைக்கஸ், கிங்கோ, ஊசியிலை மரங்கள் முதலியவை. இவற்றில் எது வயிற்றை நிரப்பியது?

இந்தத் தாவரங்களின் உறவினர்கள் இன்றும் தாவரத் தோட்டங்களில் வளர்வது வசதியாகப் போயிற்று. ஜெர்மானிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு அவற்றின் இலைகளைக் காயவைத்து அரைத்தது. ஆட்டின் இரைப்பையிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் நிறைந்த திரவத்தில் அந்தத் தூளைக் கலந்து, கண்ணாடிக் குழல்களில் 72 மணி நேரம் வரை வைத்தது. நுண்ணுயிர்கள் இலையைச் சிதைக்கும்போது வாயு வெளிவரும். வாயு அதிகமானால், அந்த இலையிலிருந்து கிடைக்கும் ஆற்றலும் அதிகம்.

2008இல் வெளிவந்த முடிவு பலரையும் வியக்க வைத்தது. குதிரைவால் செடி நல்ல ஆற்றல் தந்தது. அரோகேரியா மரத்தின் இலை மெதுவாகத் தொடங்கினாலும், நேரம் செல்லச் செல்ல நிறையக் கொடுத்தது. பெரிய வயிற்றில் உணவு பல நாள் தங்கும் அல்லவா? அப்படிப்பட்ட விலங்குக்கு இது ஏற்ற தீனி. ஓவியங்களில் டைனசோர்கள் ஆசையோடு மேயும் சைக்கஸும் சில மரப்பெரணிகளும் பின்தங்கிவிட்டன.

ஆட்டின் வயிறு டைனசோரின் வயிறு ஆகாது. அதன் குடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களை நம்மால் பார்க்க முடியாது. ஆகவே இது கிட்டத்தட்ட ஓர் ஊகமே. ஆனால் சோதித்துப் பெற்ற ஊகம்.

அரோகேரியாவைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் பூங்காக்களிலும் வீட்டு முன்புறங்களிலும் அடுக்கடுக்கான கிளைகளோடு கிறிஸ்மஸ் மரம்போல் நிற்பவற்றுள் பல அந்த இனத்தவை. பூமலையில் உள்ள பரிணாமத் தோட்டத்தில் சைக்கஸையும் மரப்பெரணியையும் காணலாம்.

சைக்கஸை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உலகில் உள்ள சைக்கஸ் வகைத் தாவரங்களில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கும் மேல் அழியும் ஆபத்தில் உள்ளன. காடுகள் அழிக்கப்படுவதும், அலங்காரத்துக்காகத் தோண்டி விற்கப்படுவதும் முக்கியக் காரணங்கள். அவற்றில் ஓர் இனத்தில் 1895இல் தென்னாப்பிரிக்கக் காட்டில் ஓர் ஆண் செடி மட்டுமே கிடைத்தது. பெண் செடி இன்றுவரை அகப்படவில்லை. அதன் பக்கக் கன்றுகளைத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். விதை மட்டும் கிடைப்பதில்லை.

அடுத்த முறை டைனசோர் உருவத்தோடு படம் எடுக்கும்போது, அதன் காலடியில் என்ன செடி நிற்கிறது என்று பாருங்கள். 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் செடிக்கு உறவினர் இருந்திருப்பார்களா? பூ பூக்கிறதா, விதை எங்கே இருக்கிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதியைத் தாத்தாவோடு சேர்ந்து தேடுங்கள்.