புனே பீரில் புனே எவ்வளவு?

பீர் என்பது தானியத்தின் மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் எனும் ஒற்றைச் செல் பூஞ்சையைக் கொண்டு நொதிக்கவைத்துப் பெறும் பானம். சாராயத்தைப்போல் அது காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. ஆகவே பீர் ஆலையை ‘வடிசாலை’ என்று எழுதும் வழக்கம் அறிவியல் நோக்கில் பிழையானது. பெரிய ஆலைகள் பீரை நுண்ணிய வடிகட்டிகளில் செலுத்தி, பாஸ்டர் முறையில் சூடாக்கி, புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கின்றன. ‘மைக்ரோப்ருவரி’ என வழங்கும் சிற்றாலையிலோ கொதிகலனும் பரிமாறும் மேசையும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒரு முறைக்குச் சில நூறு லிட்டர் முதல் ஓரிரு ஆயிரம் லிட்டர் வரை தயாராகும் பீர், பெரும்பாலும் உயிருள்ள ஈஸ்ட் கலங்கிய நிலையிலேயே குடுவைக்கு வந்துவிடுகிறது.

மகாராஷ்டிரத்தில் இவ்வகை ஆலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம் புனே. 2009ஆம் ஆண்டு நகரின் தென்பகுதியில், கொரிந்தியன்ஸ் விடுதி வளாகத்தில் தொடங்கப்பட்ட டூலாலி, நாட்டின் தொடக்ககாலச் சிற்றாலைகளுள் ஒன்று. பின்னர் முண்ட்வாவில் இண்டிபெண்டன்ஸ் ப்ரூயிங் கம்பெனியும், அதையடுத்து கிரேட் ஸ்டேட் ஏல்வொர்க்ஸ் போன்றவையும் வந்தன. தானியத்துக்குப் பதிலாகத் தேனை நொதிக்கவைத்து ‘மீட்’ எனும் பானம் தயாரிக்கும் மூன்ஷைன் மீடரியும் இந்நகரில் பிறந்ததே. டூலாலி என்ற பெயரின் பின்னணி சுவையானது. நாசிக் அருகே தேவ்லாலியிலிருந்த பிரிட்டிஷ் படைமுகாமில், தாயகம் திரும்பக் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்த சிப்பாய்கள் வெயிலாலும் சலிப்பாலும் சித்தம் கலங்கிப்போனார்கள் என்று சொல்லி, ‘டூலாலி தாப்’ என்ற தொடர் ஆங்கிலப் படைவீரர் பேச்சில் புகுந்தது; ‘தாப்’ என்பது காய்ச்சலைக் குறிக்கும் மராத்திச் சொல், தமிழில் வழங்கும் ‘தாபம்’ அதற்கு உறவு.

இந்த பீர் ஆலைகள் பலவும் தம் பானத்தை ‘உள்ளூர் பீர்’ என்றே அறிமுகப்படுத்துகின்றன. அந்த அடைமொழி எந்த அளவுக்கு மெய் என்பதை, பீரின் நான்கு மூலப்பொருள்களான நீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் அறிய முடியும்.

நீரைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. சஹ்யாத்ரி மலையில் கொட்டும் பருவமழை பான்ஷேத், வரஸ்காவ், டெம்கர் அணைகளில் தேங்கி, கடக்வாஸ்லா வழியாகப் புனேயை அடைகிறது. அது பாயும் தக்காணத்துக் கருங்கல் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையாதலால், சுண்ணாம்புப் பாறையைப்போல் எளிதில் கரைவதில்லை. அதனால் அணைநீரில் தாது உப்புகள் குறைவு. செக் நாட்டுப் பில்சன் நகரின் பொன்னிற பீர் மென்னீரிலிருந்தும், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கசப்பு பீர் ஜிப்சம் மிகுந்த கடின நீரிலிருந்தும் உருவானவை என்பதை நினைத்தால், நீர் எவ்வளவு தீர்மானமான பொருள் என்பது விளங்கும். இன்று காய்ச்சுநர்கள் நீரைச் சுத்திகரித்துக்கொண்டு, விரும்பும் பீர் வகைக்கேற்பக் கால்சியம் உப்புகளை அளந்து சேர்க்கிறார்கள். மென்னீரில் உப்பைக் கூட்டுவது எளிது, கடின நீரிலிருந்து நீக்குவதுதான் செலவு மிக்க வேலை.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச, கேழ்வரகை நனைத்துத் துணியில் கட்டி முளைவிடச் செய்து, காயவைத்து அரைக்கும் தாய்மார்கள் செய்வதும் இதே வேலைதான். விதை முளைக்கும்போது கரு சுரக்கும் ஜிப்ரலின் எனும் தாவர இயக்குநீர், விதையின் புறவடுக்கைத் தூண்டி அமிலேஸ் எனும் நொதியை உருவாக்கச் செய்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்கும் கத்திரி அது. 1833இல் பிரான்சின் பாயனும் பெர்சோவும் மால்ட்டிலிருந்து பிரித்தெடுத்து ‘டயஸ்டேஸ்’ என்று பெயரிட்டதே, முதன்முதலாகப் பிரித்தறியப்பட்ட நொதி. நொதி வேதியியல் என்ற துறையே பீர் தானியத்தில் முளைத்தது எனலாம்.

ஆலையில் நொறுக்கிய மால்ட்டை 62 முதல் 68 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். வெப்பம் கீழ்நிலையில் இருந்தால் ஈஸ்ட் முழுதும் உண்ணக்கூடிய எளிய சர்க்கரை மிகுந்து, பீர் வறண்ட சுவையுடன் அமையும். மேல்நிலையில் இருந்தால் ஈஸ்ட்டால் உண்ண முடியாத நீள்சங்கிலிகள் எஞ்சி, வாயில் கனமும் இனிப்பும் தங்கும். மூன்று நான்கு பாகை வேறுபாட்டில் ஒரு பீரின் குணமே மாறிவிடுவது இத்தொழிலின் நுட்பத்துக்குச் சான்று. மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாகிவிட்டதா என்பதை அறிய, வெள்ளைப் பீங்கான் ஓட்டில் ஒரு துளி சாற்றை விட்டு, அதன்மேல் ஒரு துளி அயோடினைச் சொட்டுகிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் உருளைக்கிழங்கின்மேல் கண்ட அதே கருநீலம் தோன்றினால் இன்னும் காத்திருக்க வேண்டும். அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே நின்றால் வேலை முடிந்தது. இந்த மால்ட்டுக்கான பார்லி ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் விளைகிறது என்றாலும், சிற்றாலைகள் பல, சிறப்பு வகைகளுக்கு ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற நாடுகளின் மூட்டைகளையே நம்பியிருக்கின்றன.

ஹாப்ஸ் எனும் கொடியின் பூங்கொத்து பீருக்குக் கசப்பும் மணமும் தருவதோடு, லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களை அடக்கி வைக்கவும் செய்கிறது. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிநீரில் உருமாறினால்தான் கரைந்து கசக்கும் என்பதால், கசப்புக்கான பூவைக் கொதியின் தொடக்கத்திலும் மணத்துக்கானதை இறுதியிலும் இடுகிறார்கள். தாளிதத்தின் பெருங்காயத்தை எப்போது போடுவது என்பதைப்போன்ற கணக்கு இது. கோடையின் நீண்ட பகலை வேண்டும் இக்கொடி இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பகுதியில் பயிராகிறது. 18 பாகை வட அகலாங்கை ஒட்டிய புனேயில் அது பூத்துக் குலுங்குவதை எதிர்பார்க்க இயலாது.

எஞ்சியிருப்பது ஈஸ்ட். பனையேறி மரத்தில் கட்டும் கள்ளுப்பானையில், பாளையிலிருந்தும் காற்றிலிருந்தும் பழைய பானையின் சுவரிலிருந்தும் பலவகை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாகவே குடியேறி, சில மணி நேரத்திலேயே பாளைச் சாற்றைப் புளிக்க வைத்துவிடுகின்றன. பீர் ஆலையின் முழு ஒழுக்கமும் இதற்கு நேர்மாறானது: தேர்ந்தெடுத்த ஒரே ஈஸ்ட்டை மட்டும் உள்ளே விட்டு, மற்ற எல்லாவற்றையும் கொதியாலும் கழுவலாலும் வெளியே நிறுத்துவது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கிக் காட்டியதும், அந்த ஆலை அந்த ஈஸ்ட்டைப் பிறருக்கும் வழங்கியதும் இன்றைய பீரின் அடித்தளம். அவர் பிரித்த லாகர் ஈஸ்ட், குளிர் தாங்கும் வேறோர் ஈஸ்ட்டுக்கும் ரொட்டி ஈஸ்ட்டுக்கும் பிறந்த கலப்பினம். அந்தக் குளிர்நாட்டுப் பெற்றோரைத் தென்னமெரிக்காவின் படகோனியக் காடுகளில் கண்டெடுத்ததாக 2011இல்தான் அறிவிக்கப்பட்டது.

லாகர் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13 பாகை குளிரும் பல வாரப் பொறுமையும் தேவை; ஏல் வகை ஈஸ்ட் 18 முதல் 22 பாகையில் சில நாள்களில் வேலையை முடிக்கிறது. நொதித்தலே வெப்பம் வெளியிடும் வினை, போதாக்குறைக்குப் புனேயின் ஏப்ரல், மே வெயில் 40 பாகையை நெருங்கும். ஆகவே எஃகுக் கலன்களின் இரட்டைச் சுவருக்கிடையே குளிர்ந்த கிளைக்கால் கரைசலை இடையறாது ஓடவிடுகிறார்கள். இது தவறினால், சூட்டில் அவசரப்படும் ஈஸ்ட், தலைவலி மருந்துபோல் காரமாக வீசும் கனத்த ஆல்கஹால்களை உமிழ்ந்து ஒரு கலன் பீரையே பாழாக்கிவிடும்.

இந்தியச் சிற்றாலைகளில் பெரிதும் விரும்பப்படும் கோதுமை பீரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வீசுவதைக் கண்டு, பழமும் மசாலாவும் சேர்த்திருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். இரண்டுமே ஈஸ்ட்டின் படைப்பு. வாழைப்பழத்துக்கு மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட்டையே அந்த ஈஸ்ட்டும் உண்டாக்குகிறது. தானிய உமியிலுள்ள ஃபெரூலிக் அமிலத்திலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறைக் கழற்றி, கிராம்பை ஒத்த மணமுள்ள வினைல் குவாயகாலை உருவாக்குகிறது. ஆனால் அந்த ஈஸ்ட்டும் பெரும்பாலும் வெளிநாட்டுப் பொட்டலத்திலிருந்தே வருகிறது. 1951 முதல் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில், தொழில்துறைக்குரிய ஈஸ்ட், பூஞ்சை, பாக்டீரியா வகைகளைப் பேணிக் கேட்போருக்கு வழங்கும் தேசியத் தொகுப்பகம் ஒன்று இயங்கிவருகிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டுவிடும் தூரத்தில் இப்படியொரு களஞ்சியம் இருக்க, நகரின் பீருக்கு நகரின் ஈஸ்ட் இன்னும் அடையாளமாகாதது உண்மையான இழப்பு.

உள்ளூர்த் தன்மை இன்று தெளிவாகப் புலப்படுவது பழங்களில்தான். சஹ்யாத்ரியின் மறுபுறம் கொங்கணத்தில் விளையும் கோகம், தமிழர் மீன்குழம்பில் இடும் குடம்புளியின் நெருங்கிய உறவு. ஜெர்மனியின் கோஸ்லார் நகரத்து ‘கோஸே’ எனும் உப்பும் புளிப்பும் கலந்த பீருக்கு அது வெகு பொருத்தம். அந்த பீருக்கான சாற்றை, இட்லி மாவைப் புளிக்கவைக்கும் இனங்களின் உறவான லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களைக் கொண்டு முதலில் புளிக்கவைத்து, பின் கொதிக்கவைத்து அவற்றைக் கொன்ற பிறகே ஈஸ்ட்டிடம் விடுகிறார்கள். கோகத்தின் செந்நிறம் ஆந்தோசயனின் நிறமியால் வருவது. அமிலச் சூழலில்தான் அது செக்கச் செவேலென்று நிற்கும் என்பதால், புளிப்பு பீரில் நாவுக்கு இதமான அதே அமிலம் கண்ணுக்கும் விருந்தாகிறது.

சுவைத்துப் பார்க்க வருவோருக்கு மரப்பலகையில் குழிகள் வைத்து, நான்கைந்து சிறு குடுவைகளில் சிறிது சிறிதாக ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கோதுமை பீரில் தொடங்கி, கசப்பு மிகுந்ததைக் கடந்து, வறுத்த மால்ட்டின் காபி மணம் கொண்ட கறுப்பு ஸ்டவுட்டில் முடிப்பது முறை. கசப்பு நாவில் நெடுநேரம் தங்கி அடுத்து வருவதை மறைத்துவிடும் என்பதே காரணம். உறைகுளிர் நாவையும் மூக்கையும் மரக்கச் செய்வதால், கறுப்பு பீரைச் சற்றே வெதுவெதுப்பு ஏறவிட்டுப் பருகினால்தான் மணம் விரியும். மேலே நிற்கும் நுரை தானியப் புரதங்களும் ஹாப்ஸ் கசப்பும் பின்னிய வலை. வறுத்த கடலை தின்ற உதட்டின் எண்ணெய் பட்டவுடன் அது பொலபொலவென்று சரிவதைக் கண்ணெதிரே காணலாம். பலகையில் எழுதியிருக்கும் ஆல்கஹால் அளவும் அடர்த்திமானியின் கணக்குதான்: நொதிக்கும் முன் 1.050 காட்டிய சாறு முடிவில் 1.010க்கு இறங்கினால், அந்த வேறுபாட்டை 131ஆல் பெருக்க ஏறத்தாழ 5.2 விழுக்காடு கிடைக்கும். அந்த எண்ணைப் படித்துவிட்டுக் குடுவையை எடுப்பது நல்லது. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. மகாராஷ்டிரச் சட்டப்படி பீர் அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

தானியமும் உள்ளூராக வேண்டுமானால், தக்காணத்தின் சோளமும் கம்பும் கொப்பரைக்குள் வர வேண்டும். இதற்கொரு தடை உண்டு. மாவுச்சத்து நீரில் ஊதிக் கூழாகித் திறந்தால்தான் நொதிகள் அதை வெட்ட முடியும். பார்லியின் மாவு அமிலேஸ் வேலை செய்யும் வெப்பத்திலேயே கூழாகிறது, சோளத்துக்கோ 68 முதல் 77 பாகை வரை தேவை. அந்தச் சூட்டில் நொதிகள் சிதையத் தொடங்கிவிடும். தீர்வு, சோளத்தைத் தனியே கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, பிறகு மால்ட்டைக் கலப்பது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை காட்டும் கள் சமைக்கும் முறையும் ஏறக்குறைய இதுவே. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்த் தட்டில் ஆற்றி, அதில் ஒன்றைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். கலக்கும் பொருளை இடித்த நெல்முளை என்று உரையாசிரியர் கொள்கின்றனர். களியாக்குதல், ஆற்றுதல், முளை சேர்த்தல் என்ற அந்த வரிசையைப் புனேயின் கலன்களில் அப்படியே பின்பற்றலாம். பத்தில் மூன்று பங்கு சோளக் கஞ்சி சேர்ந்தாலும், பார்லி மால்ட்டின் நொதிகள் அதையும் சேர்த்துச் சர்க்கரையாக்கிவிடும்.