வெள்ளை நகரின் தலைமாட்டில் மிஸ்தி

பெரு நாட்டின் அரெகிப்பா நகரை ‘வெள்ளை நகரம்’ என்பார்கள். 1540-ல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர். தேவாலயம், மடம், மாளிகை எல்லாமே ‘சியார்’ என்ற வெள்ளைக் கல்லால் எழுந்தவை. வெட்ட மெத்தென்று இருக்கும், எடையும் குறைவு, சிற்பிகளுக்குக் கொண்டாட்டம்தான். 2000-ல் யுனெஸ்கோ பழைய நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஊருக்கு வடகிழக்கே கூம்பாக எழும்பி நிற்கிறது மிஸ்தி எரிமலை. உயரம் 5,822 மீட்டர். நகரம் சுமார் 2,300 மீட்டரில் இருப்பதால், அண்ணாந்து பார்த்தால் இன்னும் மூன்றரை கிலோமீட்டர் மலை மிச்சம். எரிமலை வாய்க்கும் நகர மையத்துக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. வாயிலிருந்து இன்றும் கந்தக ஆவி வருகிறது. அந்த வாய்க்குள்ளேயே இன்காக்கள் நரபலி கொடுத்துப் புதைத்த உடல்களை 1998-ல் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தார்கள்.

நாஸ்கா புவித்தட்டு தென்னமெரிக்கத் தட்டுக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. அது சுமந்து செல்லும் நீர் ஆழத்தில் வெளியேறி, மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அப்படி உருகி மேலேறும் குழம்பு பிசுபிசுப்பானது. வாயுவை எளிதில் வெளியே விடாது. எனவே மிஸ்தி ஹவாய் எரிமலைகளைப் போல நிதானமாக வழியாது, வெடிக்கும்.

வெடித்தால் பயப்பட வேண்டியது தீக்குழம்புக்கு அல்ல. அதைவிட்டு நடந்தே தப்பிவிடலாம். கொதிக்கும் வாயு, சாம்பல், நுரைக்கல் மூன்றும் கலந்து தரையோடு தரையாகச் சீறிவரும் ஓட்டத்தைவிட்டுக் காரில் போனாலும் தப்புவது கடினம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் மிஸ்தியில் அது நடந்தது. இதில் ஒரு வேடிக்கை: சியார் கல்லும் அத்தகைய ஓட்டம் படிந்து, தன் சூட்டிலேயே இறுகியதுதான். ஆனால் மிஸ்தி கக்கியதல்ல. மிஸ்தி பிறப்பதற்கு வெகுமுன்பே, பதினாறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் வேறொரு வாயிலிருந்து வந்தது. அரெகிப்பாக்காரர்கள் பழைய பேரழிவைச் செதுக்கித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள்.

வெடிப்புக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கனமழை பெய்தாலே சரிவில் கிடக்கும் சாம்பல் சேற்று வெள்ளமாக ஓடைகளில் இறங்கும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்த ஓடைகள் நேரே நகருக்குள் வருகின்றன. அறிவியலாளர்கள் அபாய வரைபடம் போட்டிருக்கிறார்கள். நிலநடுக்கமானிகள் மலையை இரவு பகலாகக் கவனிக்கின்றன. பழைய நகரத்தைவிட அதிக ஆபத்தில் இருப்பது அண்மைக்காலத்தில் மலையடிவாரம் நோக்கி ஏறிய ஆல்த்தோ செல்வா அலெக்ரே போன்ற குடியிருப்புகள். அங்கே ஓடைக் கரையிலேயே வீடுகள் நிற்கின்றன. கருவிகள் முன்கூட்டியே எச்சரிக்கக்கூடும். ஓடையை மறித்த சுவரை அவற்றால் இடிக்க முடியாது, அது நகராட்சியின் வேலை.