செங்கலடிச் சந்தியிலிருந்து இரண்டு பூந்தோட்டங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் மட்டக்களப்பின் வந்தாறுமூலையில் கச்சான் காற்று. காலை பத்து மணிக்கே கிழக்குப் பல்கலைக்கழகப் பக்கத்து மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. ஓகஸ்ட் பள்ளி விடுமுறை நெருங்க, "எங்கேயாவது குளிரான இடத்துக்குப் போவமே" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழும். அநேகமாக அது நுவரெலியாவில் போய்த்தான் முடியும்.

தெற்கே கொஞ்சத் தூரத்தில் செங்கலடிச் சந்தி. அங்கிருந்து மேற்கே திரும்பும் ஏ5 நெடுஞ்சாலை கரடியனாறு, மகாஓயா, பிபிலை, பசறை, பதுளை, வெலிமடை என்று ஏறி, நுவரெலியாவைத் தாண்டி பேராதனையில் முடிகிறது. நாட்டின் மிகப் பழைய பூந்தோட்டங்களில் இரண்டு, நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கலையும் பேராதனையும், இந்த ஒரே தெருவை ஒட்டித்தான் இருக்கின்றன. வேன் பிடித்துப் போகிறவர்கள் ரோஜாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இவை பூப் பார்ப்பதற்காக உண்டாக்கப்பட்ட தோட்டங்கள் அல்ல.

ஹக்கலை 1861இல் தொடங்கியது ஒரு மரப்பட்டைக்காக. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான குயினைன் கிடைத்தது. பிரிட்டிஷ்காரர்கள் அதன் விதைகளைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில், குளிரும் மூடுபனியும் உள்ள இந்தச் சரிவில் நட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் தோட்டத் துரைமார் அதை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. அவர்களுக்குக் கோப்பிதான் பொன்.

அந்தக் கோப்பியை அழித்த நோயும் இதே தெருவின் பக்கத்தில்தான் தலைகாட்டியது. 1869இல், பசறையிலிருந்து பிரிந்து போகிற மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் படியத் தொடங்கியது. துரு நோய். பேராதனைத் தோட்டத்தை அப்போது நடத்திவந்த துவைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள், மருந்து கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் துரைமார் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். எல்லோரும் ஒரேயடியாக நட, பட்டை சந்தையில் குவிந்து விலை விழுந்தது. கடைசியில் நிலைத்தது தேயிலை. கோப்பிக்குப் பருவத்துக்குப் பருவம் வந்துபோகும் ஆள் போதும். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. தமிழ்நாட்டிலிருந்து நடந்துவந்தவர்கள் லயன்களில் நிரந்தரமாகக் குடியிருக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

ஹக்கலையின் மருந்துத் தோட்டத்தைப் பூங்காவாக்கும் வேலை 1880களில் வில்லியம் நொக் என்ற பொறுப்பாளரின் காலத்தில் நடந்தது. இன்று அங்கே ரோஜாத் திடல் இருக்கிறது. ஆனால் நேரத்தைச் செலவிட வேண்டியது மரப்பன்னங்களின் அடியில்தான். தென்னங்கன்று உயரத்துக்குத் தண்டு, அதன் நுனியில் குடை போல விரிந்த ஓலை, நடுவில் இன்னும் விரியாமல் சுருண்டபடி, செம்பழுப்பு மயிர் மூடிய குருத்து. தொட்டால் ஈரம் கையில் ஒட்டும். சனத்துக்கு இவையெல்லாம் இரண்டாம் பட்சம். இது இராவணனின் அசோகவனம் என்பதே முதல் செய்தி. பக்கத்திலேயே சீதா எலியவில் ஓடைக் கரையில் சீதையம்மன் கோயிலும் இருப்பதால், பயணம் பாதி யாத்திரையாகிவிடும்.

மட்டக்களப்பை வாட்டும் கச்சானும் இந்த மலையின் மழையும் ஒரே காற்றின் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது. எனவே ஊர் வெயிலை நம்பிக் குடையில்லாமல் மலையேறுவது புத்தியல்ல. சுவெட்டரும் வேண்டும்.

பேராதனை மறுநாளைக்கு. மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோட, 147 ஏக்கர். அரை நாளில் நடந்து முடிக்க நினைத்தால் குழந்தைகள் அழுதுவிடுவார்கள். 1821இல் அலெக்சாண்டர் மூன் இதைத் தாவரவியல் தோட்டமாக்கினார். இந்நாட்டில் தேயிலைச் செடியை முதலில் வளர்த்துப் பார்த்த இடங்களில் இதுவும் ஒன்று. இரட்டைத் தேங்காய் மரம் இங்கே இருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய விதை அதனுடையது, ஒரு காய் முற்றுவதற்கே ஆறேழு ஆண்டு பிடிக்கும். 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரமும் நிற்கிறது.

ஆற்றோரத்து இராட்சத மூங்கிலையும் பகலில் தலைகீழாகத் தொங்கும் பழவௌவால் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. வரிசையாகப் பனை நட்ட சாலை ஒன்று இங்கே இருக்கிறது. கிழக்கிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, நாடு பாதியைக் கடந்து, டிக்கெட் வாங்கி உள்ளே வந்த பிள்ளைகள் அதன் முன்னால் நின்று, "இது நம்மட ஊர்லயும் கிடக்கே!" என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படமும் எடுத்துக்கொள்வார்கள்.