காலையில் மட்டும் கசிந்த கார்

"வெள்ளிக்கிழமைக்கு முந்தி இந்தக் கார் வீட்ட விட்டுப் போகணும்" என்று உம்மா சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் போர்ட்டிக்கோவுக்கும் குசினிக்கும் இடையே ஒரு சுவர்தான். சுவரின் அந்தப் பக்கம் எரிவாயு அடுப்பு. இந்தப் பக்கம் பெற்றோல் மணக்கும் ஒரு கார்.

அது என் மாமாவின் கார். 1985ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா, ஏஈ86 வகை. வாகனப் பிரியர்கள் இதைத் தேடித் திரிவார்கள். 1983 முதல் 1987 வரை உற்பத்தியான இக்காரில் 1587 கன சென்டிமீற்றர் கொள்ளளவுள்ள 4ஏ-ஜிஈ என்ஜின் இருக்கிறது. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. மற்றைய சிறிய கார்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இது பின்சக்கரங்களால் ஓடியது. 2022இல் நாமெல்லோரும் எரிபொருள் வரிசையில் நின்ற காலத்தில் மாமா இதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டுக் கட்டாருக்குப் போனார். நீண்ட நாள் ஓடாமலே நின்றது.

இவ்வருடம் நானா அதை மறுபடி இயக்கத் தொடங்கியதும் பிரச்சினையும் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கடுமையான பெற்றோல் மணம். பத்து நிமிடத்தில் மணம் போய்விடும். நிலத்தில் ஒரு சொட்டும் இருக்காது. நானா இரண்டு கராஜ்களுக்குக் கொண்டுபோனார். ஓரிடத்தில் பில்டரை மாற்றினார்கள், மணம் போகவில்லை. மற்ற இடத்தில் "பம்ப் மாத்தணும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். மாமாவோ தொலைபேசியில், "வந்த விலைக்குக் குடுத்துடுங்க" என்றார். அவருடைய குரலைக் கேட்டதும் எனக்குக் கவலையாகிவிட்டது.

இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர் எங்கள் அப்பா (உம்மாவின் வாப்பா). இப்போது அவருக்குக் கண் பார்வை குறைவு. "மகள், நீ என்ட கண்ணா இரு. நான் சொல்றன், நீ பாரு" என்றார். அப்படித்தான் பௌதிகவியல் படிக்கும் நான் ஒரு காரின் பொனட்டைத் திறந்தேன்.

பெற்றோல் போகும் பாதை

கசிவைத் தேட முன் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாங்கி காரின் பின்புறத்தில் உள்ளது. மின் பம்ப் பெற்றோலைத் தள்ள, அது காரின் அடியால் செல்லும் உலோகக் குழாய், இறப்பர் ஹோஸ், பில்டர் ஆகியவற்றைக் கடந்து என்ஜினின் மேலுள்ள பியூல் ரெயில் என்ற நீண்ட குழாய்க்கு வரும். அதிலிருந்து நான்கு இன்ஜெக்டர்கள் சிலிண்டர்களுக்குப் பெற்றோலைச் சீறுகின்றன. மிஞ்சுவது அமுக்கச் சீராக்கி வழியாகத் தாங்கிக்குத் திரும்பும்.

இந்தப் பாதையில் அமுக்கம் ஏறத்தாழ 2.5 முதல் 3 பார். 3 பார் என்றால் 30 மீற்றர் உயரமான நீர் நிரல் கொடுக்கும் அமுக்கம். பத்து மாடிக் கட்டடத்தின் கூரையில் தண்ணீர்த் தாங்கி இருக்க, நிலத்தில் குழாயைத் திறப்பதுபோல. தலைமயிர் அளவு இடைவெளி போதும், பெற்றோல் வெளியே வந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு

2021 இறுதியில் எரிவாயுச் சிலிண்டர் வெடிப்புச் செய்திகள் வந்தபோது நம் உம்மாமார் எல்லோரும் சவர்க்கார நுரை தடவிப் பார்க்கப் பழகினார்கள். கசிந்தால் குமிழி வரும். பெற்றோலுக்கு அந்த வசதி இல்லை. அது திரவமாக வெளிவந்து ஆவியாகி மறைந்துவிடும். −40 பாகை செல்சியசுக்கும் கீழான குளிரில்கூடத் தீப்பற்றக்கூடிய அளவு ஆவி அதிலிருந்து எழும். அந்த ஆவி வளியைவிடப் பாரமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் நிலத்தோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் வீட்டில் அந்தப் பள்ளம் குசினி வாசற்படி. உம்மாவின் பயம் பௌதிகவியலின்படியும் சரியானதே.

ஆகவே நானாவும் வாப்பாவும் காரை முற்றத்துக்குத் தள்ளினார்கள். ஸ்டார்ட் செய்யவில்லை. கைத்தொலைபேசிகள் வீட்டுக்குள் போயின. வாப்பாவின் கடையிலிருந்து உலர் தூள் தீயணைப்பான் வந்தது. பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெற்றோல் நீரில் மிதந்து தீயைப் பரப்பும். எல்ஈடி டோர்ச்சைத் தூரத்திலேயே எரியவைத்துக்கொண்டு கிட்டப் போனேன். ஆளியை அழுத்தும்போதும் சிறு தீப்பொறி வரலாம்.

ஆக மேலே நனைந்த இடம்

அப்பா முதலில் கேட்டது: "கராஜுக்கு எப்படிக் கொண்டுபோனீங்க?"

"ஓட்டிக்கொண்டுதான்" என்றார் நானா.

"அப்ப அவங்க கண்டது சூடான என்ஜின். குளிர்ல கசியிறத சூட்டுல தேடினா கிடைக்குமா?"

அந்தக் கேள்வியில்தான் பாதி விடை இருந்தது. மறுநாள் சுபஹுக்குப் பிறகு, வெலிமடைக் குளிர் விலக முன், மீண்டும் முற்றத்துக்குப் போனோம். என்ஜினை ஓடவிடாமல் பம்பை மட்டும் ஓடவைக்க ஒரு வழி இருக்கிறது. என்ஜின் அறையிலுள்ள சோதனைப் பெட்டியில் ‘பிளஸ் பி’, ‘எஃப்பி’ என்ற இரு முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டுத் திறப்பை ஓன் நிலைக்குத் திருப்பினால் பம்ப் ஓடும். வயரைத் திறப்பு ஓஃப் ஆக இருக்கும்போதே இணைக்க வேண்டும். இப்படிச் செய்தால் அமுக்கம் இருக்கும். கசிவை ஆவியாக்கும் சூடு இருக்காது. மணத்தைக் கலைக்கும் காற்றாடியும் ஓடாது.

நான் வெள்ளைத் துணித் துண்டால் தாங்கிப் பக்கமிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். பில்டரின் அடியில் துணி நனைந்தது. "பில்டர்தான்!" என்று கத்திவிட்டேன்.

அப்பா அசையவில்லை. "நனஞ்ச எடத்தப் பாக்காத மகள். ஆக மேல நனஞ்ச எடத்தப் பாரு."

பில்டரின் அடி நனைந்திருந்தது. அதன் மேலும் நனைந்திருந்தது. அதற்கு மேலுள்ள ஹோஸும் நனைந்திருந்தது. திரவம் கீழ்நோக்கித்தான் ஓடும். சொட்டும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. பில்டரை மாற்றியவர்கள் இதில்தான் ஏமாந்தார்கள். நான் மேலே போனேன். பழைய என்ஜின் முழுக்கத் தூசியும் எண்ணெயும் படிந்திருந்தது. ஓரிடம் மட்டும் கழுவி விட்டதுபோல் பளிச்சென்றிருந்தது. பெற்றோல் அழுக்கைக் கரைக்கும். அழுக்கான என்ஜினில் சுத்தமான இடம்தான் சந்தேகத்துக்குரியது. அங்கே சிறு கண்ணாடியைப் பிடித்துக் காத்திருந்தேன். மூன்றாவது இன்ஜெக்டரின் தலையில், அது ரெயிலோடு சேரும் இடத்தில், ஒரு மணி மெதுவாகத் திரண்டு உருண்டு விழுந்தது.

"கண்டுட்டேன் அப்பா" என்றேன். எனக்குக் கை நடுங்கியது.

ஏன் காலையில் மட்டும்?

ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஓ-ரிங் எனப்படும் ஓர் இறப்பர் வளையம் உண்டு. நசுங்கி, மீண்டும் விரிய முயலும் அதன் சக்திதான் பெற்றோலை அடைக்கிறது. ஆண்டுக்கணக்கான சூட்டில் இறப்பர் இறுகி, வட்டமான அதன் வெட்டுமுகம் தட்டையாகிவிடும். அதோடு இறப்பர் உலோகத்தைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்கும். குளிரில் வளையம் சுருங்க இடைவெளி திறக்கிறது. என்ஜின் சூடேற அது விரிந்து, மென்மையாகி, தானே அடைத்துக்கொள்கிறது. கராஜுக்குப் போய்ச் சேரும்போது கார் ‘சுகமாகி’ விடுவதன் காரணம் இதுதான்.

திருத்தம்

முதலில் அமுக்கத்தை இறக்க வேண்டும். பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓடவிட்டோம். குழாயிலிருந்ததைக் குடித்துவிட்டுத் தானே நின்றது. பிறகு பற்றரியின் மறை முனையைக் கழற்றி, கீழே துணி விரித்து, இணைப்பை மெதுவாகத் தளர்த்தினோம். ரெயிலைத் தூக்கி இன்ஜெக்டர்களை வெளியே எடுத்தோம். மூன்றாவதின் வளையம் நகத்தால் அழுத்தியதும் வெடித்தது. மற்ற மூன்றும் அதே வயதினவை. ஆகவே நான்கையும், கீழேயுள்ள இறப்பர் இருக்கைகளையும் மாற்றினோம்.

வளையம் வாங்கப் போன நானாவுக்கு ஒரு கடையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளையத்தைக் கொடுத்துவிட்டார்கள். அளவு சரிதான். அப்பா அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, ஒரு போத்தலில் கொஞ்சம் பெற்றோலில் போட்டு வீட்டுக்கு வெளியே ஓரமாக வைக்கச் சொன்னார். காலையில் அது ஊதிப் பெருத்திருந்தது. எல்லா இறப்பரும் கறுப்புத்தான்; எல்லாம் பெற்றோலைத் தாங்காது. பெற்றோலுக்கென்றே செய்த வைட்டன் வளையம் பண்டாரவளையில் கிடைத்தது.

புதிய வளையத்தில் துளி என்ஜின் எண்ணெய் தடவி, முறுக்காமல் செருகினேன். பொருத்திய பின் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருப்பிப் பார்த்தேன். இலகுவாகச் சுழன்றால் வளையம் ஒழுங்காக அமர்ந்திருக்கிறது. இறுகினால் எங்கோ நசுங்கியிருக்கிறது. இரண்டாவது இறுகியது. கழற்றி மீண்டும் போட்டேன். இணைப்பிலிருந்த பழைய வொஷர்களையும் மாற்றினோம். ஒருமுறை நசுங்கிய வொஷர் மறுமுறை அடைக்கும் என்று நம்ப முடியாது.

பின்னர் என்ஜினை இயக்காமல் பம்பை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டோம். துணி உலர்ந்தே இருந்தது. ஆனாலும் அப்பா திருப்திப்படவில்லை. "காலையில வந்த வருத்தம், காலையிலதான் பாக்கணும்." மூன்று குளிர்ந்த காலைகள் பார்த்தோம். மூன்றாம் நாள் உம்மாவே வந்து மணந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போனார். வெள்ளிக்கிழமை கடந்தது, கார் போகவில்லை.

மாமா அன்றிரவு அழைத்தார். "பம்பா?" என்று கேட்டார். "இல்ல மாமா, நாலு வளையம்" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவேயில்லை.

தோழிகளே, உங்கள் வீட்டுக் காரிலோ மோட்டார் சைக்கிளிலோ பெற்றோல் மணந்தால் தனியே எதையும் கழற்ற வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல், சுவிச் எதையும் தொடாமல், கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, வாகனத்தை வெளியே தள்ளிவிட்டுத் தெரிந்தவரை அழையுங்கள். வந்தவரிடம் இரண்டு விடயங்களைக் கட்டாயம் சொல்லுங்கள்: எப்போது மணக்கிறது, எப்போது மணக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பதில்தான் வளையத்தைக் காட்டித் தந்தது. இரண்டு கராஜிலும் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு