நீலப்பச்சைச் சுவர் வீட்டைக் குளிர்விக்குமா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஜுரு வட்டாரத்துக் குடும்பங்களில் "இந்த முறை என்ன சாயம்?" என்ற பேச்சு தொடங்கிவிடும். மஞ்சளும் இளஞ்சிவப்பும் அலுத்துப் போனவர்களின் விரல், வண்ண அட்டையில் வெளிர் நீலப்பச்சையில் போய் நிற்கிறது. வெயில் கொளுத்தும் ஊருக்கு இதுவல்லவா பொருத்தம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் சாயம் காய்ந்த மறுநாளே, "வீடு மருத்துவமனை மாதிரி இருக்கிறதே" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. செலவழித்த வெள்ளி திரும்பி வராது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உட்சுவர்ச் சாயம் அறையின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. வெப்பம் பெரும்பாலும் கூரை வழியாகவும் மேற்குப் பார்த்த சுவர் வழியாகவும் இறங்குகிறது. அதற்குக் கூரைக்கடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு வேண்டும். நீலப்பச்சை தரும் குளிர்ச்சி கண்ணுக்கும் மனத்துக்கும் மட்டுமே. நாளெல்லாம் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு வருபவருக்கு அதுவும் சிறிய இலாபமன்று.

மருத்துவமனை நினைவு வருவதற்கும் காரணம் உண்டு. சான் பிரான்சிஸ்கோ அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன், வெள்ளைச் சுவர்களின் கண்கூச்சம் தாளாமல் 1914ஆம் ஆண்டில் தம் அறுவை அறையைப் பச்சையாக்கினார். இரத்தத்தின் சிவப்பையே உற்றுப் பார்த்த கண்ணுக்கு அதன் எதிர்நிறமான பச்சை இதமளித்தது. பின்னர் அந்த நிறம் பல நாட்டு மருத்துவமனைகளுக்கும் பரவியது. நம் வீடுகளில் அந்த நினைவைக் கிளறிவிடுவது நிறம் மட்டுமன்று. கூடவே எரியும் பளீர் வெள்ளை விளக்கும்தான். 6500 கெல்வின் விளக்கின் கீழ் வெளிர் நீலப்பச்சை சில்லிட்டுப் போகும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலம் மங்கிப் பச்சை தூக்கலாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட 4000 கெல்வின் விளக்கு இந்நிறத்திற்குப் பெரும்பாலும் ஒத்துவரும்.

வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த நிறம் ஆகாது என்று மேலைநாட்டு அலங்கார நூல்கள் சொல்லும். அது அவர்கள் ஊர்ச் சூரியனுக்குச் சரி. பினாங்கு, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஐந்து பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் இங்கு வடக்கே சாய்ந்திருக்கும்; மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே இங்கே பார்க்க வேண்டியது கிழக்கும் மேற்கும்தான். மாலை வெயில் அடிக்கும் மேற்கு அறையில், அந்த மஞ்சள் ஒளியை நீலப்பச்சை அழகாகத் தணிக்கும்.

உண்மையான சிக்கல் வரிசை வீட்டின் நடு அறையில் இருக்கிறது. முன்னும் பின்னும் மட்டுமே சன்னல் உள்ள வீட்டில் நடுப்பகுதிக்கு வெளிச்சம் போதாது. அங்கே இந்நிறம் சாம்பல் பூத்துக் கிடக்கும். அந்த இடத்திற்குச் சற்று மஞ்சள் கலந்த வெள்ளையே மேல்.

ஜார்ஜ்டவுன் லெய்த் தெருவில் உள்ள சியோங் ஃபாட் சீ மாளிகையின் அவுரி நீலச் சுவரைப் பார்த்துவிட்டு, அதே நிறம் வேண்டும் என்று ஆசைப்படுவோரும் உண்டு. சீரமைப்புக்காக 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ விருது பெற்ற கட்டடம் அது. சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசப்பட்ட அந்த வெளிச்சுவர், கொட்டும் வெயிலில் நின்று ஒளிர்கிறது. அதே அடர் நிறத்தை பத்தடி அறைக்குள் கொண்டுவந்தால் இருள்தான் மிஞ்சும்.

வீட்டில் முதியோர் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளிப்பதால், வெளிர் நீலப்பச்சைக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு எளிதில் தெரியாது. கதவு நிலை, மின்விசை, படிக்கட்டின் விளிம்பு எல்லாம் சுவரோடு கலந்துவிடும். பாட்டி இரவில் எழுந்து நடக்கும் வீட்டில் இது அலங்காரப் பிரச்சினை அன்று. நிலைக்கும் படி விளிம்புக்கும் அடர் தேக்கு நிறம் கொடுத்தால் கண்ணுக்கும் எடுப்பு, காலுக்கும் பாதுகாப்பு.

சிறு வண்ண அட்டையை நம்பி வாளி வாளியாக வாங்க வேண்டியதில்லை. பெரிய சுவரில் எந்த நிறமும் அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகவே தெரியும். ஆகவே ஒரு படி வெளிறிய நிறத்தைச் சிறு டப்பாவில் வாங்கி, இரண்டடிச் சதுரப் பலகையில் இருமுறை பூசிக் காயவிட வேண்டும். அதைப் பூசப்போகும் சுவரிலேயே சாய்த்து வைத்து, காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும், இரவில் விளக்கைப் போட்டும் பார்க்கலாம். மூன்று வேளையும் வீட்டார் அனைவருக்கும் பிடித்திருந்தால் மட்டும் சாயக்காரரை அழைக்கலாம்.