திரையில் கோடு, பர்ஸில் ஓட்டை

சொந்தமாக அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டரில் படம் சிதறினால் முதல் பழி கிராபிக்ஸ் கார்டு மீது விழுகிறது. பல சமயம் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறது.

டெல்லி நேரு பிளேஸில் சகஜமான காட்சி இது. பெட்ஷீட்டில் சுற்றிய கேபினட்டைக் கைக்குழந்தை போல அணைத்தபடி ஒரு கல்லூரி மாணவர் கடை கடையாக ஏறி இறங்குகிறார். அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய பணத்தில் பாகம் பாகமாகச் சேர்த்த கம்ப்யூட்டர். விளையாட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் திரையில் பச்சைக் கட்டங்கள். அப்புறம் ஒரே இருட்டு. கார்டு விற்றவர் எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம் என்கிறார். எஸ்.எம்.பி.எஸ். விற்றவர் மதர்போர்டைக் காட்டுகிறார். மதர்போர்டு விற்றவரோ, "கார்டுதான் போச்சு" என்று கையை விரிக்கிறார்.

மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று எங்கும் இதே கதைதான். கம்பெனி தயாரித்த கம்ப்யூட்டர் என்றால் மொத்தப் பெட்டிக்கும் ஒரே வாரண்டி. அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. மொத்தத்துக்கு யாரும் பொறுப்பில்லை. அவசரப்பட்டுப் புது கார்டு வாங்குபவர் பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகும் அதே கோடுகளைப் பார்க்க நேரலாம். ஆகவே சர்வீஸ் இன்ஜினியர் வேலையையும் உரிமையாளரே பார்த்தாக வேண்டும்.

முதல் சோதனைக்குக் காலணா செலவில்லை. படம் சிதறும்போது பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தி, பதிவான படத்தை செல்போனில் பார்க்க வேண்டும். கோடுகள் அதிலும் இருந்தால் கோளாறு கம்ப்யூட்டருக்குள். படம் சுத்தமாக இருந்தால் சந்தேகம் கேபிள் மீதும் மானிட்டர் மீதும் திரும்புகிறது. மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்தால் அதுவும் சிதைந்து தெரிகிறதா? மானிட்டரில்தான் கோளாறு. மெனு பளிச்சென்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

கோளாறு உள்ளே என்றால், அது எப்போது வருகிறது என்பதுதான் துப்பு. ஸ்விட்ச் போட்டதும் தெரியும் பயாஸ் திரையிலேயே கோடுகள் இருந்தால் டிரைவரைக் குறை சொல்ல முடியாது. விண்டோஸ் இன்னும் வரவேயில்லை. விண்டோஸ் வந்த பிறகு மட்டும் என்றால் பழைய டிரைவரை அடியோடு நீக்கி, புதிதாகப் போட வேண்டும். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அவசியம்.

விளையாடும்போது மட்டும் தகராறு என்றால் முக்கிய சந்தேக நபர்கள் இருவர்: மின்சாரமும் சூடும். மதர்போர்டு ஸ்லாட் மூலம் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். எட்டு பின் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட்டுக்கானது. இரண்டு இணைப்பு கேட்கும் கார்டுக்கு ஒரே வயரின் இரு கிளைகளைச் செருகாமல் தனித்தனி வயர் கொடுப்பது நல்லது. மலிவு விலை எஸ்.எம்.பி.எஸ்., திடீரென்று கூடும் சுமையைத் தாங்காமல் படுத்துவிடலாம். 40 டிகிரியைத் தாண்டும் டெல்லி கோடையில் தூசி அடைத்த ஃபேன் என்ன செய்யும்? கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு விளையாடியதும் கோளாறு குறைந்தால், போதிய காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம்.

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லையா? கார்டைக் கழற்றி, அதைத் தாங்கக்கூடிய நண்பரின் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். கோளாறும் கார்டோடு கூடவே போனால் தீர்ப்பு தெளிவு.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2022 செப்டம்பர் 15 அன்று எதேரியம் கிரிப்டோ நாணயம் கார்டுகளைக் கொண்டு 'மைனிங்' செய்யும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகலாக உழைத்த கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. வெளித்தோற்றத்தை வைத்து அவற்றை அடையாளம் காண்பது கஷ்டம். அரைமணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுப்பது சூதாட்டம். அசல் பில் இருக்கிறதா, அதிலுள்ள சீரியல் நம்பர் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, டெல்லியில் வாங்கிய பொருளுக்கு மதுரையில் வசிப்பவர் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் எங்கே போனாலும் கேட்கப்படுவது ஆதாரம். அடுத்த முறை நேரு பிளேஸுக்குப் போகும் மாணவர் கேபினட்டைச் சுமக்க வேண்டியதில்லை. கோளாறான பாகம், பில், இரண்டு கம்ப்யூட்டர்களில் அது படுத்திய பாட்டைக் காட்டும் வீடியோ. இவை போதும், கடைக்காரர் அடுத்த கடையைக் கைகாட்டுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.